இடது பக்கம் தாழ்ந்த கார்

எட்டு மாதம் முன்பு பெனின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அவன் அம்மா சகாயசெல்வி அடக்கப் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. மகனின் பழைய காரை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டாள். துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கதவுகளுக்குப் புது ரப்பர் போட்டாள். ஆனால் காரின் பின்புறம் எப்போதும் இடது பக்கம் தாழ்ந்தே நின்றது.

இராஜாக்கமங்கலம் பட்டறையில் மெக்கானிக் ராஜகுமார் பின்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டையும் மாற்றினார். ஜாக்கியை இறக்கியதும் இடது பக்கம் மறுபடி தாழ்ந்தது.

"அக்கா, பின்னால எதும் வச்சிருக்கியளா?"

"ஒண்ணும் இல்ல. காலம்பறதான் உள்ள முழுக்கத் தூத்துத் தொடச்சேன்."

ராஜகுமார் குனிந்து பார்த்தார். "ஸ்பிரிங்கு ரெண்டும் புதுசுதான். ஒரு ஆளு ஏறி இருந்தா இந்த அளவுக்குத் தாழும்."

சகாயசெல்வி இடது பின்கதவைத் திறந்தாள். சீட்டில் யாரும் இல்லை.

"கொஞ்சம் நீங்கி இரு மக்கா," என்றாள். "அம்மையும் இருக்கட்டு."

காரின் இடது பக்கம் மெல்ல உயர்ந்தது. வலது பக்கம் அதே அளவு இறங்கியது. ராஜகுமார் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இப்போது கார் சமமாக நின்றது.