அறுபத்து மூன்றாவது வழக்கம்

பனியன் கம்பெனியின் அறுபத்து மூன்று வழக்கங்களை விட்டுவிட்டால் புதிய நிர்வாக மென்பொருள் நாளையே வேலை தொடங்கும். ஒன்றை வைத்துக்கொண்டாலும் அதற்கேற்ப மென்பொருளை மாற்ற ஓராண்டு ஆகும். முதலாளி நாச்சிமுத்து அறுபத்திரண்டைப் பட்டியலில் அடித்துவிட்டார்.

கடைசியைப் பற்றி மென்பொருளே கேட்டது: “ஒருவர் வீட்டில் சாவு என்றால் தையல் பிரிவில் நாற்பது பேரும் போகிறார்கள். எதற்கு?”

நாச்சிமுத்து தையல் மேற்பார்வையாளர் சுலோச்சனாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு எங்கூட்டுல ஒண்ணுன்னா ஆள் வரோணுமல்லங்க?” என்றாள் அவள்.

மென்பொருள் கேட்டது: “என்னை நிறுத்தும் நாளில்?”

“சேதி மட்டும் சொல்லியுடு கண்ணு, வந்தர்றோம்.”

நாச்சிமுத்து பேனாவை எடுப்பதற்குள் மென்பொருள் சொன்னது: “இதற்கேற்ப என்னையே மாற்றிவிடுங்கள். ஓராண்டு ஆகும், பரவாயில்லையா?”