வெள்ளிக்கிழமை ஏரியல்

“படம் போச்சு. வெள்ளிக்கிழமையானா மட்டும் எப்படித்தான் போகுதோ?” என்று சிவசம்பு கத்தினார்.

டிவியில் வெறும் புள்ளி மழை. இன்னும் பத்து நிமிடத்தில் தொடர் ஆரம்பித்துவிடும். துப்பாக்கியையே தொடாத உளவாளி. கையில் கிடைத்த கம்பியையும் ரப்பர் பேண்டையும் வைத்தே வில்லன்களை மண்ணைக் கவ்வ வைப்பவன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவனுக்குச் சிவசம்புவைவிடப் பெரிய ரசிகர் கிடையாது.

“பக்கத்து வீட்டுக் காதரைக் கூப்பிடட்டுமா?” சமையலறையிலிருந்து மனைவி புனிதவதி கேட்டாள்.

கூப்பிடாமல் முடியுமா? சிவசம்புவுக்கு ஆபீஸ் பைல் கட்டத்தான் தெரியும். துணிக்கடைக் காதர் வருவார், கொல்லையில் ஏரியல் வயரை முறுக்குவார், படம் வரும். அப்புறம் தொடரையும் பார்த்து, புட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். ஐந்து வாரமாக இதே கதை.

“அவனே கழட்டி விட்டுட்டு அவனே வந்து மாட்டுறான். எல்லாம் உன் புட்டுக்காகத்தான் லா.”

“சும்மா இருங்க. பாவம்.”

இன்றைக்கு ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று சிவசம்பு முடிவு கட்டியிருந்தார். போன வாரம் உளவாளி கதவுப் பிடியில் மை பூசித் திருடனைப் பிடித்தான் அல்லவா? சாயங்காலமே கொல்லைக்குப் போய், வேட்டிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து வயர் முடிச்சில் அப்பி வைத்துவிட்டார். தொட்டவன் விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

காதர் வந்தார். “என்னண்ணே, மறுபடியுமா?”

“முதல்ல கையைக் காட்டு. நான் கைரேகை படிக்கிறேன்.”

காதர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். சிவசம்பு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நகக்கண் வரை ஆராய்ந்தார். பொட்டு நீலம் இல்லை.

“என்னண்ணே சொல்லுது?”

“ஆயுசு கெட்டி,” என்றார் சுரத்தில்லாமல்.

காதர் கொல்லைப்பக்கம் போனார். புனிதவதி தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலம்.

“நீயா?”

“மெல்லப் பேசுங்க. அவர் சம்சாரம் ஜெய்னம்பு மவுத்தாகி மூணு மாசமாச்சு. மனுஷன் ரொட்டியைத் தேத்தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுப் படுக்கிறார். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்த டிவியைத் திறக்கிறதே இல்ல. சாப்பாடு கொடுத்தனுப்பினா, ‘வேணாங்க்கா’ன்னு திருப்பி அனுப்பிடுறார். ஒரு வேலைன்னு கூப்பிட்டாத்தான் வாசல்படி ஏறுவார்.”

“அதுக்கு என் தொடர் வர்ற வெள்ளிக்கிழமைதான் கிடைச்சுதா?”

“மத்த நாள்ல நம்ம வீட்டுல கறி. ஹலாலான்னு அவர் கேட்கவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். வெள்ளிக்கிழமைதானே நாம சைவம்?”

சிவசம்புவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டிவியில் படம் பளிச்சென்று வந்தது. காதர் உள்ளே வந்தார். பத்து விரலும் நீலம்.

“வயர்ல என்னண்ணே, ஒரே நீலமா இருக்கு?”

“அது... துருப் பிடிக்காம இருக்க.”

காதர் வாசலில் வைத்திருந்த பையிலிருந்து சோல்டர் இரும்பை எடுத்தார். “இன்னிக்கு இதையும் கொண்டாந்துட்டேன். ஒரு தடவை பத்த வெச்சுட்டா வயர் ஜென்மத்துக்கும் கழலாது. வாராவாரம் உங்களுக்கும் இந்த ரோதனை இருக்காது அண்ணே.”

புனிதவதி கணவரைப் பார்த்தாள்.

சிவசம்பு எழுந்து, இரும்பை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார்.

“அதுக்கென்ன அவசரம் காதர்? கையைக் கழுவிட்டு உட்காரு, புட்டு ஆறுது. அதை அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்.”