ஆறாவது கட்டுரை

"இதை எழுதினவன் ஆவணக் காப்பகத்து வாசப்படியக்கூட மிதிச்சிருக்க மாட்டான். தூக்கிப் போடும்மா," என்றார் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைத்தலைவர் ராதேவ்.

நெவெனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணி நாலரை. ஐந்துக்குள் லூப்லியானாவில் இருக்கும் ஆய்விதழ் அலுவலகத்துக்கு முடிவு போயாக வேண்டும்.

பால்கன் நாடுகளின் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டு வரலாம் என்று அவள்தான் அவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். சரி, நீங்களே சிறப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுங்கள் என்றார்கள். பதினாறு மாத வேலை. குறைந்தது ஆறு கட்டுரை தேறினால் இதழ் வரும். ஐந்து என்றால் வராது.

ஐந்து தேறிவிட்டது. ஆறாவதைப் படித்த இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் 'நன்று, வெளியிடலாம்' என்று எழுதியிருந்தார். மற்றவர் ராதேவ். சோஃபியா நகரத்தில் ரயில் வரலாறு என்றால் அவரைக் கேட்காமல் இருக்க முடியாது. எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முடிவு சொல்லும்வரை சிறப்பாசிரியருக்குக்கூடப் பெயரைக் காட்டாதது அந்த ஆய்விதழின் வழக்கம்.

"இது இல்லேன்னா இதழே நின்னுடும், புரொபசர்."

"நிக்கட்டுமே. மெஸ்த்ரா ஸ்டேஷன்ல அவரைக்கொட்டை சூப் குடிச்சாங்கன்னு எழுதுறதெல்லாம் ஒரு வரலாறா?"

"ரயில் லேட்டுங்கறது ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னாடி சூப் சூடு பண்றவளுக்குத் தெரிஞ்சுடும்னு ஒரு இடம் வருது. அதை வெச்சே நாப்பது வருஷத்தைச் சொல்லிட்டாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்போ கதை எழுதப் போகச் சொல்லு."

பக்கத்து மேஜையில் ராதேவ் படிக்காமலே கையெழுத்துப் போடும் தாள்களை எழுதித் தரும் அவருடைய உதவியாளன் ஆசென், பாலாடைக்கட்டி வைத்த பனீட்ஸாவைக் காகிதத்தோடு கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் கடித்ததோடு சரி.

"முழுசாப் படிச்சீங்களா, புரொபசர்?" என்றான்.

"வரி விடாம."

"இன்னொரு தடவை பாத்துட்டு..."

"உனக்கென்னடா இவ்வளவு அக்கறை? உன் மாமனாரா எழுதினாரு?"

ஆசென் பனீட்ஸாவைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான்.

"என் புத்தகத்தை ஒரு இடத்துலயாவது மேற்கோள் காட்டியிருக்கானா, பாரு. இந்த நாட்டுல ரயிலைப் பத்தி எழுதுறவன் என்னைப் படிக்காம எழுதலாமா?"

"காட்டியிருக்கு, புரொபசர்," என்றாள் நெவெனா. "ஒரு எட்டு ஒன்பது இடம் இருக்கும்."

"பதினொண்ணு," என்றான் ஆசென்.

நெவெனா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டுரையை அவள் அவனிடம் காட்டியதே இல்லை. ஆசென் சட்டையில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

ஓ, இவனா? அவளுக்குப் புரிந்துவிட்டது. ராதேவுக்குப் புரியவில்லை.

"பதினொண்ணுன்னா பதினோரு இடத்துலயும் தப்பா காட்டியிருப்பான்," என்றார் அவர்.

நெவெனா கட்டுரையை மறுபடி மேலிருந்து கீழே ஓட்டினாள். போன வாரம் எழுதியவர் யாரென்று தெரியாமல் படித்தபோதும் பிடித்துத்தான் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது என்பதற்காக அது கெட்டுப்போகாது. நன்றாகவும் ஆகிவிடாது.

"குறைகளைத் திருத்தச் சொல்லிட்டு ஏத்துக்கலாம்னு பாக்கறேன், புரொபசர்."

ராதேவ் அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். குரல் உயரவில்லை.

"நெவெனா, ஜூனோட உன் வேலை முடியுது. நீட்டிக்கச் சொல்லி நீ குடுத்த மனு என் மேஜையிலதான் கிடக்கு. இன்னும் நான் கையெழுத்துப் போடல."

"தெரியும்."

"மதிப்பீட்டாளர் வேண்டாம்னு எழுதின கட்டுரையை ஏத்துக்கற ஆளைத் துறையில எதுக்கு வெச்சிருக்கணும்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒருத்தர் வேண்டாம்னாரு, ஒருத்தர் வேணும்னாரு. முடிவு சிறப்பாசிரியரோடதுன்னு விதியிலேயே இருக்கு, புரொபசர்."

"விதியா எனக்குக் கத்துத் தர்ற?"

வெளியே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. ஆசென் எழுந்து நின்றான்.

"நெவெனா, விட்டுடு. நிராகரிச்சுடு. பரவால்ல," என்றான்.

"பாத்தியா, இவனுக்கு இருக்கற புத்தி உனக்கில்ல," என்றார் ராதேவ்.

நெவெனா திரைப் பக்கம் திரும்பினாள். வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. இதே மாதிரி இன்னொரு துறைத்தலைவரின் முன்னால் மனுவோடு நிற்க வேண்டி வரலாம் என்பதும் நினைவுக்கு வந்தது. கட்டுரையாளருக்குப் போகும் கடிதத்தைத் திறந்தாள்; பெயரை ஆய்விதழே நிரப்பி உடனே அனுப்பிவிடும். அடியில் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தாள். பிறகு 'ஏற்கப்பட்டது' என்பதை அமுக்கினாள்.

மணி நாலு ஐம்பத்தொன்று.

"சரி," என்று நிமிர்ந்தார் ராதேவ். "உன் மனுவை நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடு."

ஆசெனின் கைபேசி சிணுங்கியது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த நொடியே ராதேவின் கோட்டுப் பைக்குள்ளும் ஒன்று சிணுங்கியது. அவர் எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து பிடிபடவில்லை.

"கண்ணாடி ரூம்ல இருக்கு. என்னன்னு பாருடா."

"அப்புறமா பாத்துக்கலாம், புரொபசர்."

"படிடான்னா."

ஆசென் கைபேசியை வாங்கினான். இருமிக்கொண்டான். அப்புறம் வேறு வழியில்லாமல் படித்தான்.

"'அன்புள்ள பேராசிரியர் ராதேவ், தங்கள் பெயரை முதலாவதாகவும் திரு. ஆசெனின் பெயரை இரண்டாவதாகவும் இட்டு அனுப்பிய கட்டுரையை மகிழ்ச்சியோடு ஏற்கிறோம். மதிப்பீட்டாளர் ஒருவருக்கு விஷயமே பிடிபடவில்லை. அவர் எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.'"