நாலு துண்டுச் சொல்

“ரெ... கொ... நே... சான்த். நாலு துண்டா உடைச்சுச் சொல்லுங்கோ அம்மா. ‘ர’ தொண்டைக்குள்ள இருந்து வரவேணும்,” என்றாள் மகள் ஜெயரூபி.

இராசேஸ்வரி காறிக் காறிச் சொல்லிப் பார்த்தாள்.

குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்த அவள் தங்கச்சி சிரித்தாள். “கிருசாந்தன் பிரான்சில வெள்ளைக்காரியைக் கட்டினதுக்கு ஒரு வருசம் அவனோட கதைக்காமல் இருந்தனீங்கள். இப்ப அவளின்ர தாய்க்குப் பிரெஞ்சோ அக்கா? மெர்சி எண்டால் காணும்தானே?”

“அது கடையில பாண் வாங்கினாலும் சொல்லுறதாம். இது, செய்த நன்றியை மறக்கமாட்டன் எண்டதுக்கு.”

“சம்பந்திக்கு ஆரும் நன்றி சொல்லுவினமோ?”

படலையடியில் வான் வந்து நின்றது. மகன் கிருசாந்தனுக்குப் பின்னால் சம்பந்தியம்மா மார்தீன் இறங்கினார்.

“ரெ... கொ...”

இராசேஸ்வரி பாதிச் சொல்லோடு நிறுத்திக் கிட்டப் போனாள். அவள் கை தானாக நீண்டு, சம்பந்தியின் இடது விலாவுக்குக் கீழே போய் நின்றது. மார்தீன் அந்தக் கையை விடாமல் தன்னோடு அழுத்திக்கொண்டார்.

“மெல்ல, அம்மா,” என்றான் கிருசாந்தன். “அதிலயிருந்துதான் எனக்கு வைக்கக் கிட்னி எடுத்தவை.”