பிளஸ் இருபத்து நாலு

“மூச்சு வாங்குது. இனிமே தேறாது” என்றார் கணவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பது அவள் தொழில். பன்னிரண்டு வருடமாக அவளைச் சுமந்த சின்ன காருக்குத்தான் அவர் நாள் குறித்துக்கொண்டிருந்தார்.

காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய கோப்பில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். போன வாரம் தபாலில் வந்த ஸ்கேனர் அந்தத் திறமைக்கு நாலு சக்கரம் பூட்டிவிட்டது. தீப்பெட்டி அளவுக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால், எஞ்சினின் வயிற்றில் இருப்பதெல்லாம் கம்பியில்லாமல் கைபேசிக்கு வந்துவிடும். குனிந்தால் இடுப்பு பிடிக்கும் என்பதால், “இதைக் கொண்டு போய் வண்டியில சொருகு” என்று காலையிலேயே மனைவியை ஏவிவிட்டு, நிபுணர் வேலையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் அவருடைய புது கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான எஞ்சின் எப்படிப் பேசும் என்று மனைவி கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்.

லாரியோடு வந்து இறங்கிய பழைய வண்டி வியாபாரி, “என்ன சார் கோளாறு?” என்றார்.

“ஃப்யூயல் ட்ரிம்! எஞ்சினுக்குள்ள காத்து கூடிப்போனா, வண்டியோட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோல் கூடிப்போனா குறைக்கும். எவ்வளவு கூட்டுது, குறைக்குதுங்கறதுதான் இந்த நம்பர். பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தா கவலையில்ல. பத்தைத் தாண்டினா எங்கயோ உதைக்குதுன்னு அர்த்தம். இங்க பாருங்க, பிளஸ் இருபத்து நாலு!”

வியாபாரி பழம் தின்று கொட்டை போட்டவர். “எங்கயாவது ரப்பர் குழாய் கிழிஞ்சு காத்து இழுக்கும் சார். ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பாருங்க. நம்பர் இறங்குச்சுன்னா சின்ன வேலைதான்.”

“மிதி!” என்றார் கணவர்.

மனைவி மிதித்தாள். சின்ன கார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கைபேசியில் இருந்த இருபத்து நாலு இம்மிகூட அசையவில்லை.

“பார்த்தீங்களா? குழாயெல்லாம் இல்ல, பெட்ரோல் பம்பே போச்சு!” கோப்பில் விடுபட்ட கையெழுத்தைப் பிடித்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில்.

“ஒரு நாளும் நடுரோட்டுல நின்னதில்லைங்க” என்றாள் அவள், எஞ்சினை அணைத்தபடி.

“உனக்கு முழங்காலைப் பத்தித் தெரியும், எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது. இனிமே நானே உன்னைக் கொண்டு விடறேன். எனக்கு ஒழியறப்ப.”

அவருக்கு எப்போது ஒழியும் என்பது அவளுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கணவர் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் எட்டும்படி குரலை உயர்த்தினார். “மெஷின் கைவிட்ட வண்டி ஒரு நிமிஷம்கூட என் வாசல்ல நிக்கக் கூடாது. ஏத்துங்க லாரியில!”

வியாபாரி சின்ன காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஸ்கேனரைக் கழட்டிக் குடுத்துடலாம்னு பார்த்தேன் சார். இங்க ஒண்ணையும் காணோமே?”

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அதைப் புது வண்டியிலதானே சொருகியிருக்கேண்ணே!”