சார்ஜ் குறையும்போது

"அப்டேட் கேட்டா மட்டும் அழுத்திடாதே. உன் போன்ல கம்பெனி பூட்டைத் திறந்து, ரூட் பண்ணி, உள்ளே என் இஷ்டத்துக்கு மாத்தியிருக்கேன். புதுசு ஏறினா நான் வச்சதெல்லாம் போயிடும்," என்று இளவழகன் ஒருநாள் சொன்னார்.

"அப்படி என்ன புதையலை வச்சிருக்கீங்க?" என்றாள் அவர் மனைவி சுகந்தி.

"சார்ஜ் குறையட்டும், தெரியும்."

சார்ஜ் குறைந்தபோது, மணிச் சத்தம் வரவேண்டிய இடத்தில் அவர் குரல் வந்தது. "இந்தாம்மா, சார்ஜ் போடு."

அவர் இறந்து எட்டு மாதமாகியும் அந்தக் குரல் தினமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்டேட்டை அவள் தள்ளிப்போட்டபடியே இருந்தாள். மஸ்கட்டில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுதான், அப்டேட் போடாத போனில் வீடியோ கால் வராது என்றானது.

இளவழகனின் நண்பர் ஜெரால்டு வந்தார். "குரலை மட்டும் தனியா எடுத்துத் தரட்டுமா தங்கச்சி?"

"வேண்டாம்ணே. நானாப் போட்டுக் கேக்குறது வேற, அவராக் கூப்பிடுறது வேற."

ஜெரால்டு போனில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்து, புதிய சிஸ்டத்தை ஏற்றினார். பழையது எதுவும் மிச்சமில்லை என்று திறந்தும் காட்டினார்.

மறுநாள் பேத்தியைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்ததில் சார்ஜ் இறங்கிவிட்டது.

"இந்தாம்மா, சார்ஜ் போடு."

சுகந்தி பயப்படவில்லை. சார்ஜரைத் தேடவும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக அந்த 'இந்தாம்மா'வுக்கே திரும்பிப் பார்த்தவள், கூச்சத்தில் கேட்காமலே வைத்திருந்ததை வாய்விட்டுக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை, சுகந்தின்னு கூப்பிடுங்களேன்."