ஒரு நாள் முந்தி

கொள்ளைநோய்க்கு என்று ஊரே தேடி அலைந்த அந்த ஊசிமருந்து யாரையும் காப்பாற்றவில்லை என்பது டாக்டர் மங்கையர்க்கரசிக்குத் தெரியும். அவள் வார்டில் அதைப் போட்டுக்கொண்டவர்களும் போடாதவர்களும் ஒரே விகிதத்தில்தான் இறந்தார்கள். ஆனாலும் இசக்கிமுத்து சென்னையில் இரண்டு நாள் வெயிலில் நின்று வாங்கிவந்து நீட்டியபோது, வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவன் அப்பாவுக்குப் போட்டாள். மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

"ஒரு நாள் முந்திக் கொண்டாந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாவ, இல்லையா டாக்டரம்மா? நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அந்த மருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அடுத்த கட்டிலில் கிடந்தவரின் மனைவி, அதே ஊசிமருந்து இருந்த ஐஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி, டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.